கண் சிவக்கவில்லை, வலிக்கவில்லை. ஆனாலும் யுவியைடிஸ் என்கிறார்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கு மெத்தோட்ரெக்ஸேட் தேவையா?

தாழைமடல் (வினா):

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஐந்து வயது நிறைந்திருக்கிறது. சென்ற ஆண்டு அவளுடைய இடது முழங்கால் வீங்கியபோது, விளையாடும்போது விழுந்திருப்பாள் என்று எண்ணிச் சில வாரங்கள் விட்டுவிட்டோம். காலையில் எழுந்ததும் நொண்டியபடி வருவாள். ஒரு மணி நேரம் கழிந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுவாள். அந்தக் காலைநேர விறைப்பைப் பற்றிக் கேட்டதுமே குழந்தைகள் மூட்டுநோய் மருத்துவருக்கு ஐயம் வந்துவிட்டது. வீக்கம் ஆறு வாரங்களைத் தாண்டியிருந்ததால், வேறு காரணங்கள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, இது ஜே.ஐ.ஏ. எனப்படும் இளம்பருவ மூட்டழற்சி என்றார். ரத்தத்தில் ஏ.என்.ஏ. (சொந்த உயிரணுக்களையே குறிவைக்கும் எதிர்ப்பொருள்) பாசிட்டிவ். மூட்டுக்குள் ஒரே ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டதில் வீக்கம் வற்றிவிட்டது. இன்று வரை திரும்பவில்லை.

அவரே எங்களைக் கண் மருத்துவரிடமும் அனுப்பினார். முதல் பரிசோதனையில் கண்கள் இயல்பாக இருந்தன. மூன்று மாதம் கழித்து மறுபடியும் வரச் சொன்னார்கள். குழந்தைக்கு எந்தக் குறையும் இல்லாததால் நாங்கள் ஐந்தாவது மாதம்தான் போனோம். அன்று இரண்டு கண்களிலும் யுவியைடிஸ், அதாவது கண்ணுக்குள் அழற்சி, இருப்பதாகச் சொல்லி, பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு சொட்டு மருந்தை முதலில் மணிக்கு ஒரு முறையும், பிறகு படிப்படியாகக் குறைத்தும் போடச் சொன்னார்கள். நாளைக்கு நான்கு முறை போடும்வரை கண் அடங்கியிருக்கிறது. இரண்டு முறையாகக் குறைத்தால் அடுத்த பரிசோதனையில் அழற்சி திரும்பியிருக்கிறது. இரண்டு தடவை இப்படியே ஆனதால், நோய் எதிர்ப்பை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்தை வாரம் ஒரு முறை தொடங்கலாம் என்கிறார்கள்.

என் குழப்பம் இதுதான். அவள் கண் பளிங்குபோல் வெண்மையாக இருக்கிறது. கண்ணைக் கசக்குவதில்லை, வெளிச்சத்தில் கூசுவதில்லை, தரையில் ஊரும் எறும்பைக்கூட எனக்கு முன்னால் அவள் பார்த்துவிடுகிறாள். முழங்காலும் நன்றாகிவிட்டது. மெத்தோட்ரெக்ஸேட் புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்து என்று படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. சொட்டு மருந்தையே தொடர்ந்து போட்டுக்கொண்டிருந்தால் என்ன? இதே வழியில் போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

விழியோரம்:

சகோதரி, நான் கண் மருத்துவன். யுவியைடிஸ் நோயாளிகளையே பெரும்பாலும் பார்க்கிறேன். உங்கள் மகளைப் பரிசோதிக்காமல் அவளுக்கு இன்னது செய்யுங்கள் என்று நான் சொல்லக் கூடாது. உங்கள் மருத்துவர் எந்தக் கணக்கில் அந்த முடிவுக்கு வந்திருப்பார் என்பதை மட்டும் விளக்குகிறேன்.

கண்ணின் வெள்ளைச் சுவருக்கும் உள்ளே இருக்கும் விழித்திரைக்கும் இடையில் ரத்தநாளங்கள் நிறைந்த ஓர் அடுக்கு இருக்கிறது. முன்பக்கத்தில் கண் பாவையைச் சுற்றிய வண்ண வளையமான ஐரிஸ், அதை ஒட்டிச் சீலியரி உறுப்பு, பின்பக்கத்தில் கோராய்டு ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் யுவியா. ஜே.ஐ.ஏ. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் அதன் முன்பகுதியில்தான் அழற்சி வருகிறது. திடீரென்று வரும் அழற்சி கருவிழியை (கண்ணின் முன்புறத்து ஒளிபுகும் படலமான கார்னியாவை) சுற்றிய நாளங்களை விரியச் செய்வதால் கண் சிவக்கும், வலிக்கும், கூசும். இந்தக் குழந்தைகளிடம் அது அப்படி வருவதில்லை. ஓசையில்லாமல் நுழைந்து மாதக்கணக்கில் தங்கிவிடுகிறது. ஆகவே வெளியிலிருந்து பார்க்கும் தாய்க்கு மட்டுமல்ல, டார்ச் அடித்துப் பார்க்கும் மருத்துவருக்கும் அது தெரியாது.

மெல்லிய ஒளிக்கற்றையைச் செலுத்திக் கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லாம்பு என்ற கருவியில் நாங்கள் என்ன பார்க்கிறோம் என்றால், இருட்டறையில் கதவிடுக்கு வழியே வெயில் விழும்போது அந்த ஒளிக்கற்றைக்குள் தூசி மிதப்பதைக் கண்டிருப்பீர்களே, கிட்டத்தட்ட அதுதான். ஒரு மில்லிமீட்டர் நீளமும் ஒரு மில்லிமீட்டர் அகலமும் கொண்ட கற்றையைக் கருவிழிக்குப் பின்னால் உள்ள நீர்மத்துக்குள் செலுத்தி, அதில் மிதக்கும் வெள்ளை அணுக்களை எண்ணுகிறோம். ஒன்றுகூட இல்லையென்றால் பூஜ்யம். 1 முதல் 5 வரை இருந்தால் அரை. 6 முதல் 15 வரை 1+. ஐம்பதைத் தாண்டினால் 4+. உலகெங்கும் ஒரே அளவுகோலாக இருக்க வேண்டும் என்று 2005-இல் வல்லுநர்கள் கூடி வகுத்த முறை இது. உங்கள் மகளின் கண் வெண்மையாக இருப்பதும், அந்தக் கற்றைக்குள் இருபது அணுக்கள் மிதப்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்.

முழங்காலுக்கும் கண்ணுக்கும் உள்ள தொடர்பைப் பலரும் தவறாகவே புரிந்துகொள்கிறார்கள். மூட்டு அடங்கினால் கண்ணும் அடங்கும் என்பதில்லை. இரண்டும் தனித்தனி வழியில் நடக்கும். சில குழந்தைகளுக்கு மூட்டில் வீக்கம் வருவதற்கு முன்பே கண்ணில் அழற்சி தொடங்கிவிடுவதும் உண்டு. மொத்தமாகப் பார்த்தால், ஜே.ஐ.ஏ. உள்ள நூறு குழந்தைகளில் ஏறத்தாழ பத்து முதல் இருபது பேருக்கு யுவியைடிஸ் வருகிறது. சில மூட்டுகள் மட்டும் பாதிக்கப்பட்டவர்கள், ஏ.என்.ஏ. பாசிட்டிவாக உள்ளவர்கள், ஏழு வயதுக்குள் மூட்டுநோய் தொடங்கியவர்கள், தொடங்கி நான்கு ஆண்டுகளுக்குள் இருப்பவர்கள் ஆகியோருக்கே வாய்ப்பு மிக அதிகம். உங்கள் மகளுக்கு இவை நான்குமே பொருந்துகின்றன. மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்ற கணக்கு அங்கிருந்துதான் வருகிறது. இரண்டு மாதம் தாமதித்ததற்காக உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். குறை ஒன்றும் சொல்லாத குழந்தையைப் பரிசோதனைக்கு அழைத்து வருவது எளிதல்ல என்பது எங்களுக்கும் தெரியும்.

இந்த அழற்சியை விட்டுவைத்தால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். ஐரிஸின் ஓரம் பின்னாலுள்ள லென்ஸோடு ஒட்டிக்கொள்ளும். வட்டமாக இருந்த கண் பாவை கோணலாகிவிடும். கருவிழியின் குறுக்கே கால்சியம் படிந்து பட்டைபோல் வெளுப்பு உண்டாகும். கண்புரை வரும், கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் கிளாக்கோமா ஆகலாம், விழித்திரையின் மையத்தில் நீர் கோக்கலாம். ஐந்து வயதில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. பார்வையைப் பழகிக்கொள்ளும் வேலையை மூளை அப்போதுதான் செய்துகொண்டிருக்கும். ஒரு கண்ணிலிருந்து வரும் காட்சி மங்கினால் அந்தக் கண்ணை மூளை ஒதுக்கிவிடும். அதைத்தான் சோம்பேறிக் கண் என்கிறோம். பெரியவருக்குக் கண்புரையை எடுத்தால் பார்வை திரும்பிவிடும். குழந்தைக்கு எடுத்த பிறகும் திரும்பாமல் போகலாம்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. சொட்டு மருந்தையே தொடர்ந்தால் என்ன? அழற்சி எவற்றையெல்லாம் செய்யுமோ அவற்றில் இரண்டை ஸ்டீராய்டு சொட்டும் செய்யும்: கண்புரை, கண் அழுத்தம். நாளைக்கு மூன்று சொட்டுக்கு மேல் நீண்ட காலம் போட்டால் கண்புரைக்கான வாய்ப்பு தெளிவாகக் கூடுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒன்றிரண்டு சொட்டிலேயே கண் அடங்கினாலும், அந்தச் சொட்டு இல்லாமல் மூன்று மாதமாக முடியவில்லை என்றால் உடல் முழுவதற்குமான மருந்தைச் சேர்க்கலாம் என்பதே இப்போதைய வழிகாட்டுதல். உங்கள் மகளுக்கு நான்கு தேவைப்படுகிறது. உங்கள் மருத்துவர் அவசரப்படுவதாக எனக்குத் தோன்றவில்லை.

புற்றுநோய் மருந்து என்ற அச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மெத்தோட்ரெக்ஸேட்டைச் சில புற்றுநோய்களுக்குக் கொடுக்கும்போது அளவு பல மடங்கு அதிகம். இங்கே உடலின் பரப்பளவைக் கணக்கிட்டு, சதுர மீட்டருக்குப் பத்து முதல் பதினைந்து மில்லிகிராம் வரை, வாரத்தில் ஒரு நாள் மட்டும் கொடுக்கிறார்கள். "வாரத்தில் ஒரு நாள்" என்பதைத் தடித்த எழுத்தில் எழுதி மருந்துப் பெட்டியில் ஒட்டிவையுங்கள். தவறி நாள்தோறும் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. போலிக் அமிலம் கூடவே தருவார்கள். கல்லீரலையும் ரத்த அணுக்களையும் கவனிக்க இடைவெளி விட்டு ரத்தம் எடுப்பார்கள். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை சொட்டு மருந்தும் தொடரும். பொறுமை இழந்து "இதுவும் கேட்கவில்லை" என்று பாதியில் விட்டுவிடாதீர்கள்.

வெண்சங்கு:

என் தங்கை மகனுக்கும் கண்ணில் இதே யுவியைடிஸ்தான் வந்தது. பதினைந்து வயது. ஒரு கண் மட்டும் செக்கச்சிவந்து, வெளிச்சத்தையே பார்க்க முடியாமல் துடித்தான். சொட்டு மருந்தும் கண் பாவையை விரிக்கும் மருந்தும் கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் முழுதாகச் சரியாகிவிட்டது. ஆகவே நீங்கள் அளவுக்கு மீறி அஞ்ச வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். இவ்வளவு வலுவான மருந்துக்குப் போகும் முன் இன்னும் சில மாதம் பார்க்கலாமே?

விழியோரம்:

நண்பரே, ஆறுதல் சொல்லும் எண்ணம் நல்லதுதான். ஆனால் நீங்கள் சொல்வதும் அந்தக் குழந்தைக்கு இருப்பதும் பெயரளவில்தான் ஒன்று. ஒரு கண்ணில், திடீரென்று, வலியோடும் சிவப்போடும் வருவது பெரும்பாலும் வளரிளம் பருவத்து ஆண் பிள்ளைகளுக்கு, எச்.எல்.ஏ. பி27 என்ற மரபுக்கூறோடு சேர்ந்து வரும் வகை. அது வந்தால் வீட்டுக்கே தெரியும், சிகிச்சையில் அடங்கும், பிறகு மறுபடியும் வரலாம். அந்தப் பிள்ளைக்குக் காலையில் இடுப்பு விறைப்பதோ குதிகால் வலிப்பதோ உண்டா என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். இருந்தால் மூட்டுநோய் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

இதைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குழந்தைகளின் யுவியைடிஸுக்குப் பின்னால் இருப்பது எப்போதும் ஜே.ஐ.ஏ. அல்ல. காசநோய், டாக்சோபிளாஸ்மா, ஹெர்பிஸ் போன்ற தொற்றுகளாக இருக்கலாம். பல உறுப்புகளில் அழற்சித் திரட்டுகளை உண்டாக்கும் சார்காய்டோசிஸ் இருக்கலாம். மூட்டுவீக்கமும் தோல் தடிப்பும் கண் அழற்சியும் மிகச் சிறு வயதிலேயே சேர்ந்து வந்தால் என்.ஓ.டி.2 மரபணுவின் மாற்றத்தால் வரும் பிளாவ் நோய்க்குறியை நினைக்க வேண்டும். பதின்வயதுப் பிள்ளைக்கு இரண்டு கண்களும் சேர்ந்து திடீரெனச் சிவந்து, முன்னதாகச் சில வாரங்கள் காய்ச்சலும் சோர்வும் எடை குறைவும் இருந்திருந்தால், சிறுநீரகத்தைப் பார்க்காமல் விடக் கூடாது. டினு என்று நாங்கள் அழைக்கும் அந்த நோயில் சிறுநீரகமும் கண்ணும் சேர்ந்தே அழற்சி அடைகின்றன. ஒரு சிறுநீர்ப் பரிசோதனையைச் செய்யாததால் மாதக்கணக்கில் தெரியாமல் போவது உண்டு. அரிதாக, ரத்தப் புற்றுநோயும் விழித்திரைக் கட்டியான ரெட்டினோபிளாஸ்டோமாவும் அழற்சிபோல் வேடமிட்டு வரும். இவற்றுக்கு ஸ்டீராய்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் காலம் கடந்துவிடும். எத்தனை பரிசோதனைதான் எடுப்பார்கள் என்று சலித்துக்கொள்ளும் பெற்றோரிடம் நான் சொல்வது இதைத்தான்.

கடலோசை:

தாழைமடல், உங்கள் பதிவைப் படித்தபோது எட்டு ஆண்டுகளுக்கு முன் நான் எழுதியதைப் படிப்பதுபோல் இருந்தது. என் மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. நான்கு வயதில் கணுக்காலில் தொடங்கியது. ஆறு மாதத்தில் கண்ணில் கண்டுபிடித்தார்கள்.

நான் செய்த தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கண் வெண்மையாக இருக்கிறதே, ஸ்டீராய்டு கெடுதல் என்கிறார்களே என்று, யாரிடமும் கேட்காமல் சொட்டு மருந்தை நானாக நிறுத்தினேன். ஏழு வாரம் கழித்துப் பரிசோதனைக்குப் போனோம். கண் பாவையை விரிக்கும் மருந்தைப் போட்டுவிட்டு மருத்துவர் திரையில் காட்டினார். ஒரு கண் பாவை முழுவட்டமாக விரிந்திருந்தது. மற்றது மூன்று இடங்களில் ஒட்டிக்கொண்டு, இடைப்பட்ட பகுதி மட்டும் விரிந்து, ஒரு பூவின் இதழ்கள்போல் இருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. அந்தப் படத்தை மட்டும் சற்று நேரம் திரையிலேயே விட்டுவைத்தார். இரண்டு ஒட்டுகள் மருந்தில் விடுபட்டன. ஒன்று இன்றும் இருக்கிறது.

மெத்தோட்ரெக்ஸேட்டை முதலில் மாத்திரையாகவும் பிறகு தோலுக்கு அடியில் போடும் ஊசியாகவும் கொடுத்தோம். அந்த மருந்து மஞ்சள் நிறம். ஓராண்டு கழிந்தபின் ஊசியைப் பார்த்தாலே அவளுக்குக் குமட்டும்; இன்னும் சில மாதம் போனதும் மஞ்சள் சட்டை போட்டவரைப் பார்த்தாலே முகம் சுளிப்பாள். மருத்துவரிடம் சொன்னபோது, இது பல குழந்தைகளுக்கு வருவதுதான் என்றார். வாந்தியைத் தடுக்கும் மருந்தை முன்கூட்டியே கொடுப்பது, மருந்தை இரவு தூங்கும் முன் போடுவது, ஊசிக் குழலைச் சிறு துணியால் சுற்றி நிறத்தை மறைப்பது ஆகிய மூன்றையும் செய்தோம். துணிதான் அதிகம் உதவியது என்பேன், மருத்துவர் சிரிப்பார்.

இரண்டாண்டுக்குப் பிறகு மெத்தோட்ரெக்ஸேட் மட்டும் போதாமல், அழற்சியைத் தூண்டும் புரதம் ஒன்றைத் தடுக்கும் அடாலிமுமாப் என்ற மருந்தைச் சேர்த்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி. அதற்கு முன் காசநோய்ப் பரிசோதனை செய்தார்கள். ஆறு மாதத்துக்குள் ஸ்டீராய்டு சொட்டு முற்றிலும் நின்றது. அவளுடைய கண்ணில் அணுக்கள் பூஜ்யமாகி இப்போது மூன்றாவது ஆண்டு. மருந்தைக் குறைப்பதைப் பற்றிச் சென்ற மாதம்தான் பேசத் தொடங்கியிருக்கிறார்கள்.

சொட்டு போடும் வித்தை ஒன்று சொல்கிறேன். குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்துக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். மூக்கை ஒட்டிய கண்முனையில் ஒரு சொட்டு விடுங்கள். பிறகு கண்ணைத் திறக்கச் சொன்னால் மருந்து தானாக உள்ளே போய்விடும், போராட்டமே இருக்காது. பிரெட்னிசொலோன் அசிடேட் பாட்டிலை ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்க வேண்டும், இல்லையேல் மருந்து அடியில் தங்கி வெறும் நீர்தான் விழும். எனக்கு இதை ஓராண்டு யாரும் சொல்லவில்லை.

தாழைமடல்:

இருவருக்கும் நன்றி. அந்தப் பூவிதழ்க் கண் பாவையை நினைத்தால் வயிறு கலங்குகிறது. ஆனால் சொன்னது நல்லதாயிற்று, ஏனென்றால் சொட்டை நிறுத்திப் பார்க்கலாமா என்று நானும் சென்ற வாரம் யோசித்தேன். ஐயா, இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. அவளுக்குப் போட வேண்டிய தடுப்பூசி ஒன்று இன்னும் இருக்கிறது; மெத்தோட்ரெக்ஸேட் தொடங்கினால் போடலாமா? அடாலிமுமாப் என்றெல்லாம் சொல்கிறார்களே, அதற்கு நேராகவே போகக் கூடாதா?

விழியோரம்:

தட்டம்மை, சின்னம்மை போன்றவற்றுக்கான உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளை நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து கொடுக்கும்போது பொதுவாகத் தவிர்ப்போம். எது பாக்கி என்பதை மருந்து தொடங்கும் முன்பே மருத்துவரிடம் காட்டுங்கள். சில நேரம் தடுப்பூசியைப் போட்டுவிட்டு மருந்தைத் தொடங்குவார்கள். சில நேரம் கண் காத்திருக்காது. உயிரற்ற தடுப்பூசிகளுக்குத் தடையில்லை. சின்னம்மை வந்த குழந்தையோடு அவள் விளையாடியது தெரிந்தால், கொப்புளம் வரும்வரை காத்திராமல் அன்றே தெரிவியுங்கள்.

அடாலிமுமாபைப் பொறுத்தவரை 2017-இல் வெளியான சைகமோர் ஆய்வைச் சொல்ல வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட் கொடுத்தும் அடங்காத ஜே.ஐ.ஏ. யுவியைடிஸ் உள்ள 90 பேரை எடுத்துக்கொண்டு, மெத்தோட்ரெக்ஸேட்டைத் தொடர்ந்தபடியே ஒரு சாராருக்கு அடாலிமுமாபும் மற்றவர்களுக்கு மருந்தற்ற ஊசியும் போட்டார்கள். சிகிச்சை தோற்றவர்கள் முதல் சாராரில் 27 விழுக்காடு, மற்றதில் 60 விழுக்காடு. வேறுபாடு அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வில் ஆள் சேர்ப்பதையே முன்கூட்டி நிறுத்தினார்கள். ஆனால் மெத்தோட்ரெக்ஸேட் மட்டுமே போதுமான குழந்தைகளும் கணிசமாக இருக்கிறார்கள் என்பதால் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறோம். முதல் நாளே பார்வை மங்கியோ ஐரிஸ் ஒட்டியோ வந்தால் இரண்டையும் சேர்த்தே தொடங்குவதும் உண்டு. மூட்டுக்கு நன்றாக வேலை செய்யும் எடனர்செப்ட் கண்ணுக்கு உதவுவதில்லை. மூட்டுநோய் மருத்துவரும் கண் மருத்துவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வது இதனால்தான் தேவைப்படுகிறது.

பனிப்பந்து:

நான் நோயாளியாகவே வளர்ந்தவன் என்பதால் எழுதுகிறேன். இப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மூட்டுநோய் எதுவும் கிடையாது. பதின்மூன்று வயதில் கண்ணுக்கு முன்னால் கொசு பறப்பதுபோல் புள்ளிகள் மிதந்தன. எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. கண்ணாடியின் பவரைச் சரிபார்க்கப் போனபோதுதான் பார்ஸ் பிளானைட்டிஸ் என்று கண்டுபிடித்தார்கள். கண்ணின் நடுப்பகுதியில் வரும் அழற்சி அது. உள்ளே பனிப்பந்துபோல் வெள்ளைத் திரட்டுகள் மிதக்கும். என் புனைபெயர் அங்கிருந்து வந்ததுதான்.

வாராந்திர மருந்து ஊசியைப் பெற்றோர் போட்ட வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. பதினாறு வயதில், நானே போட்டுக்கொள்கிறேன் என்று பொறுப்பை வாங்கிக்கொண்டு, வாரம் விட்டு வாரம் போடத் தொடங்கினேன். மருந்தை மறக்கவில்லை, சலிப்புதான். போடாத வாரமும் போட்ட வாரமும் எனக்கு ஒரே மாதிரியாகத்தான் தெரிந்தன. விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓ.சி.டி. ஸ்கேன் படத்தில் விழித்திரையின் மையம் மேடிட்டு வீங்கியிருந்ததைப் பார்த்தபோதுதான் உறைத்தது. வலக்கண்ணுக்குக் கண்புரையும் வந்தது. மூன்று மாதத்துக்கு மேல் கண் முழுதாக அடங்கியிருந்தால்தான் அறுவை செய்வோம் என்று காக்கவைத்து, பத்தொன்பதாவது வயதில் எடுத்தார்கள்.

உங்கள் மகள் சின்னவள். ஆனாலும் என்ன நடக்கிறது என்பதை அவளிடம் இப்போதிருந்தே சொல்லி வாருங்கள். கண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கக் கேட்டால் மருத்துவர்கள் படத்தைக் காட்டுவார்கள். என்னிடம் யாரும் காட்டவில்லை, அம்மாவிடம்தான் காட்டினார்கள்.

தாழைமடல்:

நேற்றுப் போய்வந்தோம். அணுக்களின் எண்ணிக்கையைக் கேட்டேன். வலக்கண் அரை, இடக்கண் 1+ என்றார். கண் பாவைகள் இரண்டும் முழுவட்டமாகவே விரிகின்றன. தடுப்பூசி அட்டையைக் காட்டினேன். பாக்கியிருப்பது உயிரற்ற வகை என்பதால் மருந்தோடு சேர்த்தே போடலாம் என்றார். மெத்தோட்ரெக்ஸேட்டைச் சனிக்கிழமை இரவு தொடங்குகிறோம். சொட்டைக் குறைத்தால் ஒரு மாதத்துக்குள் வர வேண்டுமாம். இந்த முறை தேதியை நானே கேட்டு எழுதி வாங்கிக்கொண்டேன். பனிப்பந்து சொன்னதுபோல் படத்தை மகளிடம் காட்டச் சொன்னேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, "இந்தத் தூசியை யார் பெருக்குவார்கள்?" என்று மருத்துவரிடமே கேட்டாள். சனிக்கிழமை வருகிற மருந்து பெருக்கும் என்றார் அவர்.